ஓரறை வீட்டில் தொலைக்காட்சி

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், துறைமுக இரயில் பாதையின்மேல் மான்குர்த் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டில் கழிமுகத்தின்மேல் பாலம் அமைந்து வாஷிக்கு வண்டி ஓடத் தொடங்கும் வரையில் பாதை அவ்விடத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் உப்பளமும் சதுப்பும் அலையாத்திச் செடிகளுமே. தெற்கே திராம்பேக் குன்றும் அணு ஆராய்ச்சி நிலையமும், மேற்கே செம்பூரும் உள்ளன. நெல்லைச் சீமையிலிருந்தும் சேலம், விழுப்புரம் பக்கங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம்மவர் பலர் இங்கே குடியமர்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல அண்டையிலுள்ள சீத்தா முகாமுக்குப் பெயர்க்கப்பட்டன. கட்டட வேலை, நகராட்சித் துப்புரவு, தொழிற்சாலைக் கூலி, தலைச்சுமையாக இட்டிலி விற்றல் என அவரவர்க்குக் கிடைத்த தொழில் வெவ்வேறு. வீடு மட்டும் எல்லார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. ஒரு மூலையில் அடுப்பு. மற்றொரு மூலையில், ‘மோரி’ என இவ்வூரார் வழங்கும் நீர் புழங்குமிடம்.

இத்தகைய ஓரறை வீட்டினுள் தொலைக்காட்சிப் பெட்டி புகுந்தபோது என்ன நேர்ந்தது என்பதையே இவ்வுரையில் ஆராயப் புகுகின்றோம். தொலைக்காட்சியால் பிள்ளைகளின் கண் கெட்டது, படிப்புக் கெட்டது, விருந்தோம்பல் கெட்டது என்று பொதுவாகப் பேசுவோர் பலர். அவையெல்லாம் கூடமும் அறைகளும் உள்ள வீடுகளைப் பற்றிய பேச்சு. அங்கே பெட்டி கூடத்தில் ஒலித்தால் பிள்ளை மாடிக்குச் சென்று படிக்கலாம். கூடமும் அறையும் அடுக்களையும் ஒன்றேயான வீட்டில், பெட்டி எம்மொழியில் பேசுகிறதோ அம்மொழியையே வீடு முழுவதும் கேட்டாக வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று.

முதலில் வானொலியிலிருந்து தொடங்குவது முறையாகும். தொலைக்காட்சி வருமுன் இவ்வீடுகளில் இருந்தது வானொலிப் பெட்டியே. மாலையில் டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். அதனை வாசித்தவர்களுள் சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரலை அறியாத தமிழ்க் குடும்பம் வடநாட்டில் இருந்திருக்க முடியாது. அவ்வம்மையார் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த மும்பையிலேயே காலமானார். இலங்கை வானொலியின் பாட்டுகளும் சிற்றலையில் கேட்கும். இரைச்சலும் ஏற்றத்தாழ்வும் இருந்தபோதிலும் மொழி தமிழாகவே இருந்தது. வானொலிக்குக் காது ஒன்றே போதும். கையும் கண்ணும் அவரவர் வேலையில் இருக்கும். மாவு அரைப்பவர் அரைத்துக்கொண்டே செய்தி கேட்டார். யாரும் எதன் முன்னும் உட்கார வேண்டியிருக்கவில்லை.

கொழும்பிலிருந்து தமிழ் மான்குர்த் வரை வர முடிந்தது. ஆனால் சென்னைத் தொலைக்காட்சி வர முடியவில்லை. ஏன்? இதற்கு விடை அலைகளின் இயல்பில் இருக்கிறது. வானொலியின் சிற்றலைகள் மேலே சென்று, வளிமண்டலத்தின் உச்சியில் மின்னூட்டம் பெற்றிருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பாலும் வந்து இறங்கும். தொலைக்காட்சியின் அலைகளோ அவ்வடுக்கை ஊடுருவி விண்ணுக்குப் போய்விடும். நேர்கோட்டில், ஏறத்தாழக் கண்ணுக்கெட்டும் தொலைவு வரையில்தான் அவை பயன்படும். அதனால்தான் கோபுரம் உயரமாக இருத்தல் வேண்டும். மும்பை வர்ளியில் உள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தின் உயரம் 300 மீட்டர். அத்தனை உயரத்திலிருந்தும் பூமியின் வளைவு எழுபது கிலோமீட்டர் அளவில் தடுத்துவிடும். புனா நகரத்தார் பார்ப்பதற்கே சிங்ககட் மலைமேல் தனியாக ஓர் அஞ்சல் நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. அவ்வாறிருக்க, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னை எங்ஙனம் எட்டும்? வானொலிக் காலத்தில் தமிழனுக்குத் தூரம் ஒரு தடையாக இல்லை. தொலைக்காட்சி வந்ததும் தூரம் தடையாயிற்று. நாம் மேலே சொல்லப்போவன யாவும் இதிலிருந்து பிறந்தவையே.

அன்றைய பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். சென்னை நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள்தான் வந்தது. ஆகவே ஊரிலுள்ள உறவினர்க்கு முன்னதாகவே மும்பைத் தமிழர் தொலைக்காட்சியைக் கண்டனர்; கண்டது மராத்தியிலும் இந்தியிலும். கூரைமேல் மூங்கிலை நட்டு, அதன் நுனியில் அலுமினியக் குழல்களாலான ஏரியலைக் கட்டி, வர்ளி இருக்கும் மேற்குத் திசை நோக்கித் திருப்பி வைப்பர். மழைக்காலக் காற்றில் மூங்கில் திரும்பிவிடும். உடனே ஒருவர் கூரை ஏறுவார். ஒருவர் வாசலில் நிற்பார். ஒருவர் உள்ளிருந்து “வந்தது, வந்தது, போய்விட்டது” என்று கூவுவார். படத்தைவிட இந்தக் கூவலே சந்து முழுவதும் பரவியது.

அந்நாளில் வந்த பெட்டிகளுள் ‘ஈ.சி.’ என்னும் பெட்டிக்கு மான்குர்த்தோடு ஓர் உறவுண்டு. ஐதராபாத்தில் 1967-ஆம் ஆண்டு அணுசக்தித் துறையின்கீழ் தொடங்கப்பட்ட மின்னணுவியல் நிறுவனமே அதனைச் செய்தது. அந்நிறுவனத்தின் மூலவேர் திராம்பேயில் அணு ஆராய்ச்சிக்காகக் கருவிகள் செய்த பிரிவில் இருந்தது. உலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்து பழகிய அறிவு, வீட்டுக்கு வேண்டிய பெட்டியையும் செய்தது. குன்றின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் இதனை அறிந்து வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டோம். பெட்டி எங்கே பிறந்தாலும் அதன் விலை அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

எனவே ஒரு சந்துக்கு ஒரு பெட்டி. மரத்தாலான மடக்குக் கதவு வைத்து, பூட்டும் போட்டு, நான்கு கால்களின்மேல் நிற்கும். மாலையில் அவ்வீட்டின் கதவு திறந்தே இருக்கும். உள்ளே இருபது பேர், வாசலில் பத்துப் பேர், சன்னலில் சிறுவர். தமிழர், மராத்தியர், உத்தரப் பிரதேசத்தார், கேரளத்தார் எல்லாரும் ஒரே பாயில் அமர்ந்தனர். 1959-ஆம் ஆண்டு டில்லியில் நம் நாட்டின் முதல் ஒளிபரப்புத் தொடங்கியபோதும், அது வீடுகளை நோக்கிச் செய்யப்படவில்லை. பலர் கூடிப் பார்ப்பதற்கான மன்றங்களுக்கே பெட்டிகள் வழங்கப்பட்டன. 1975-76-ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குப் படம் அனுப்பியபோதும் ஊருக்கு ஒரு பொதுப் பெட்டியே. அரசு திட்டமிட்டுச் செய்ததை மான்குர்த் திட்டமிடாமலே செய்தது. ஆனால் அம்மன்றங்களில் ஒரு வீட்டுக்காரி இருக்கவில்லை. இங்கே இருந்தாள். முப்பது பேர் எழுந்து போகும் வரையில் அவள் உலை வைக்க இயலாது. அடுப்பு அந்த அறையிலேயே இருந்தது. சோறு ஆறு மணிக்குள் வடிக்கப்பட்டது, அல்லது ஒன்பதரைக்குமேல் வடிக்கப்பட்டது. தொலைக்காட்சியால் இவ்வீடுகளில் முதன்முதலாக மாறியது உணவு நேரமே.

அடுத்தது மொழி. சனிக்கிழமை மராத்திப் படமும் ஞாயிற்றுக்கிழமை இந்திப் படமும் வந்தன. உழவர்களுக்கான ‘ஆம்ச்சி மாத்தி, ஆம்ச்சி மாணஸ’, சிறுவர்களுக்கான ‘கிலபில்’, இந்திப் பாட்டுகளுக்குச் ‘சாயாகீத்’, மராத்திச் செய்தி ஆகியவற்றையெல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தனர். இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. கடைத்தெருவிலும் வேலைத்தலத்திலும் அரைகுறையாகப் பேசிய மராத்தியைத் திருத்தமாகப் பேச அப்பெட்டி கற்றுக் கொடுத்தது. அக்கல்வியால் வேலை பெற்றோரும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார்மீது இந்நகரில் எழுந்த வெறுப்பை நினைத்துப் பார்த்தால், பக்கத்து வீட்டாரோடு ஒரே நகைச்சுவைக்கு ஒரே நேரத்தில் சிரிக்கக் கற்றது சிறிய பயன் அன்று என்பது விளங்கும்.

1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் டில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. வண்ணமும் அப்போதுதான் வந்தது. தமிழ்நாட்டில் இந்நிகழ்ச்சி இந்தியில் தொடங்கியவுடன் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட எழுந்தவர் பலர். தென்கோடிக் கரையோரத்தாரோ, அதே ஆண்டு தொடங்கிய இலங்கையின் ரூபவாகினிக்கு ஏரியலைத் திருப்பிக்கொண்டனர். மான்குர்த்தில் எவரும் அணைக்கவில்லை. அணைத்தால் வேறெதுவும் இல்லை. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள், ஊரில் ஒன்றும் மும்பையில் ஒன்றுமாக, ஒரே இரவில் ஒரே நிகழ்ச்சிக்கு நேர்மாறாக நடந்துகொண்டன. விடுமுறைக்கு ஊர் சென்ற பிள்ளைகள் இந்தித் தொடரின் கதையைச் சொன்னால் கேட்க ஆளில்லை. ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பற்றிப் பேசினால் இவர்களுக்குப் புரியவில்லை. மாமன் மக்களும் அத்தை மக்களும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தனர்.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1987-ஆம் ஆண்டு சனவரி 25 முதல் ஞாயிறு காலைதோறும் இராமாயணம் ஒளிபரப்பாயிற்று. மருமகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட ஆச்சிமார்களுக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கதை தெரியும். தாடகை வதம் முதல் பட்டாபிசேகம் வரையில் கோயில் கதாகாலட்சேபத்திலும் தோற்பாவைக் கூத்திலும் கேட்டுக் கேட்டு ஊறிய கதை. ஆகவே திரையில் வருவோர் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொல் தெரியாமலே அறிந்து, இந்தி அறிந்த பேரப்பிள்ளைகளுக்கே அவர்கள் விளக்கம் சொன்னார்கள். “இப்போது கூனி வருவாள் பார்” என்பார்கள், கூனி வருவாள். பிள்ளைகள் வியந்தனர். இந்தி வீட்டில் தமிழ்ப் பாட்டி தலைமையேற்றது அந்த ஒன்றரை ஆண்டுக் காலந்தான். அதன்பின் 1988 முதல் 1990 வரை வந்த மகாபாரதத்திலும் இதுவே நடந்தது; ‘பிதாஸ்ரீ’, ‘மாதாஸ்ரீ’ என்று பிள்ளைகள் வீட்டிலும் அழைத்து விளையாட, ஆச்சியும் அவ்விரு சொற்களைக் கற்றுக்கொண்டார்.

தமிழ் அக்காலத்தில் எவ்வழியாக வீட்டிற்குள் வந்தது? ஞாயிறு பிற்பகலில் பிறமொழிப் படங்களை முறைவைத்துக் காட்டினார்கள். பல வாரங்களுக்கு ஒருமுறை தமிழின் முறை வரும். பரிசு பெற்ற படமாதலால் அது பெரும்பாலும் மெல்ல நகரும், பாட்டு இராது. ஆயினும் சந்திலுள்ள தமிழரனைவரும் அன்று கூடுவர். படத்தைக் காண்பதைவிட, மராத்திய அண்டைவீட்டார் தம் மொழியைக் கேட்பதைக் காண்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. இரண்டாவது வழி, வீடியோப் பெட்டியும் நாடாக்களும். மாட்டுங்காவில் அரோரா அரங்கத்திற்கு இரயிலேறிச் சென்று தமிழ்ப் படம் பார்த்தவர்கள், 1980-களின் நடுவில் வீட்டுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று சேர்த்து ஒரு வீடியோப் பெட்டியை இரவு வாடகைக்குக் கொண்டு வந்தனர். பொங்கல் இரவில் மூன்று படங்கள், விடியும் வரையில். வாடகை நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக மூன்றாம் படத்தைத் தூங்கிக்கொண்டே பார்த்தவரும் உண்டு.

தூரத் தடை நீங்கியது 1990-களில். பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் சென்னையும் மான்குர்த்தும் ஒன்றே. கோபுரத்தின் தொடுவானம் என்னும் எல்லை அங்கே இல்லை. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. அரசின் தமிழ் அலைவரிசையும் விண்ணேறியது. பின்னர் அதற்குப் பொதிகை என்று பெயரிட்டபோது நெல்லையார்க்கு அது தம் மலையின் பெயராகவே ஒலித்தது. 2024-ஆம் ஆண்டு முதல் அது டிடி தமிழ் என வழங்குகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் மாடியில் பெரிய வட்டத் தட்டை நிறுவி, கூரைக்குக் கூரை கம்பி இழுத்து, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்தார். தமிழர் மிகுந்த சந்துகளில் தமிழ் அலைவரிசை இல்லாமல் அவர் தொழில் நடத்த இயலவில்லை.

இருபது ஆண்டுகளாக இந்தியும் மராத்தியும் பேசிய அறையில் தமிழ் வந்து அமர்ந்தது. 1999-இல் தொடங்கி 2001 வரை நடந்த ‘சித்தி’ தொடரைத் தூத்துக்குடியிலிருந்த அக்காளும் மான்குர்த்திலிருந்த தங்கையும் ஒரே இரவில் பார்த்தனர். தொலைபேசிக் கடையிலிருந்து பேசும் மூன்று மணித்துளியில் ஒரு மணித்துளி அக்கதைக்கே போயிற்று. வீணென்று ஆண்கள் கடிந்தனர். நாம் அதனை வீணென்று கருதவில்லை. தூரத்திலுள்ள உறவினரோடு பேசுவதற்குப் பொதுப்பொருள் ஒன்று வேண்டும். சாவும் திருமணமும் நாள்தோறும் நிகழ்வதில்லையே.

ஆனால் விலை ஒன்று கொடுக்கப்பட்டது. தவணையில் பெட்டி எளிதாகக் கிடைத்ததால் வீட்டுக்கு ஒன்று ஆயிற்று. வீட்டுக்கு ஒன்று ஆனபின் கதவு சாத்தப்பட்டது. மராத்திய அண்டைவீட்டார் அவர் மொழித் தொடரைத் தம் வீட்டிலும், நாம் நம் தொடரை நம் வீட்டிலும் பார்த்தோம். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டு முதல் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணப் பெட்டிகளை இலவசமாக வழங்கியபோது ஊரிலும் இதே நிலை வந்தது. பஞ்சாயத்துப் பெட்டியின் முன் திண்ணையில் கூடியிருந்தவர்கள் கலைந்தனர்.

கதவுக்குள்ளும் அமைதி இல்லை. தமிழ் வந்தது பெரியவர்களுக்கு. பிள்ளைகள் அதற்குள் இந்திக்குப் பழகிவிட்டனர். இரவு எட்டு மணிக்கு ஆச்சிக்குத் தமிழ்த் தொடர், பேரனுக்குக் கிரிக்கெட்டு, மருமகளுக்கு இந்தித் தொடர். பெட்டி ஒன்று, அறையும் ஒன்று. தொலை இயக்கியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும் வழக்கம் அக்காலத்தில் தோன்றியதே. நாம் அறிந்த ஒரு வீட்டில், மின்தடை வந்தால் மட்டுமே எல்லாரும் ஒரே பேச்சில் கலந்துகொண்டனர்.

2000-களின் நடுவில் இரயில் பாதையோரக் குடிசைகள் அகற்றப்பட்டு, மான்குர்த்தின் லல்லுபாய் வளாகத்தில் குடும்பத்திற்கு 225 சதுர அடி வீதம் மாடி வீடுகள் தரப்பட்டன. அங்கே கதவு இரும்புத் தகடு, தாழ்வாரம் இருட்டு. சந்தில் அமர்ந்து பேச இடமில்லாதவர்களுக்குப் பெட்டியே சந்தாயிற்று. ஒரு நன்மையும் உண்டு. ஆழமான குழல் பெட்டி போய்த் தட்டையான திரை சுவரில் ஏறியபோது, பெட்டி நின்ற இடத்தில் ஒருவர் படுக்க இடம் கிடைத்தது. 225 சதுர அடியில் இது எத்தகைய பேறு என்பதை அங்கே வாழ்ந்தவரே அறிவர்.

2012-ஆம் ஆண்டு நவம்பர் முதல் இந்நகரில் செட்டாப் பெட்டி கட்டாயமாயிற்று. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வேண்டிய அலைவரிசையைத் தனித்தனியே தேர்ந்து பணம் கட்டும் முறை வந்தது. நூறு அலைவரிசை வரையிலான அடிப்படைக் கட்டணம் அப்போது வரி நீங்கலாக 130 ரூபாயாக இருந்தது. அதற்குமேல் கட்டண அலைவரிசைகளுக்குத் தனி விலை. அதுவரை ஒரே கம்பியில் கலந்து வந்த மொழிகள் இப்போது பட்டியலில் வெவ்வேறு வரிகளாக நின்றன. தமிழ்த் தொகுப்பு இத்தனை, இந்தித் தொகுப்பு இத்தனை என்று வீட்டுத் தலைவர் கணக்கிட்டார். ஆச்சி உள்ள வீட்டில் தமிழ் நின்றது. ஆச்சி மறைந்த வீடுகள் சிலவற்றில், அடுத்த மாதமே தமிழ்த் தொகுப்பு நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். யார்மேலும் குற்றமில்லை, பார்ப்பவர் இல்லை என்றனர். செலவைக் குறைக்க வேண்டுமென்றால், அரசின் இலவச விண்வழிச் சேவையில் ஒரு சிறு தட்டு வைத்தால் மாதக் கட்டணமின்றியே டிடி தமிழைப் பெறலாம் என்பதை இவ்விடத்தில் தெரிவித்துக்கொள்கிறோம்.

2016-க்குப் பின் கைப்பேசியில் இணையம் மலிந்தது. பிள்ளைகள் சுவரை நோக்குவதை விட்டுக் கையை நோக்கினர். தொலை இயக்கிச் சண்டை தானே ஓய்ந்தது, ஆச்சி வென்றார். வென்ற பெட்டியின் முன் தனியாக அமர்ந்திருந்தார். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 28 முதல், ஊரடங்கின்போது, பழைய இராமாயணத்தை மீண்டும் ஒளிபரப்பியபோது மட்டும் சில நாள்கள் எல்லாரும் திரும்பி வந்தனர். பின்பு பள்ளி வகுப்புகள் கைப்பேசியில் தொடங்கவே, பாடம் முடியும் வரையில் பெட்டியை ஊமையாக்க வேண்டியதாயிற்று. ஒலியில்லாத தமிழ்த் தொடரை வாயசைவைக் கொண்டே ஆச்சிமார் பார்த்தனர். இந்தி தெரியாமல் இராமாயணம் பார்த்தவர்களுக்கு அது பழகிய வித்தைதானே.

இன்று இவ்வீடுகளில் வளரும் பிள்ளைகளுள் பலர் தமிழைக் கேட்டால் முற்றும் உணர்வர். மறுமொழி சொல்லும்போது இந்தியில் சொல்வர். “தண்ணி குடிச்சியாலே?” என்று ஆச்சி கேட்டால், “பீ லியா, ஆச்சி” என்று விடை வரும். கேட்கும் தமிழைத் தொலைக்காட்சி காத்துக் கொடுத்தது; பேசும் தமிழைக் கொடுக்க அதனால் இயலவில்லை. ஏனெனில் பெட்டி பேசும்; ஆனால் கேட்டுக்கொண்டு விடைக்காகக் காத்திராது. எழுத்தோ இன்னும் தொலைவு. நகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளை விட்டு ஆங்கிலப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரி வெறும் கோலம்.

மான்குர்த்தில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி செய்தி அலைவரிசையின் அவ்வோடும் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆச்சி எழுத்தறியாதவர். ‘மழை’ என்று காதில் விழுந்த சொல் எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்லிப் பேத்தியை நச்சரித்தார். தந்தை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவ்விரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதிக் கொடுத்தார். சிறுமி தாளைத் திரைக்கருகே பிடித்துக்கொண்டு நின்றாள். வரி விரைந்து ஓடியது. மூன்று முறை தவறவிட்டு, நான்காம் முறை “ஆச்சி, அதோ!” என்று தமிழிலேயே கூவினாள். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.